செல்வமலர் கேட்ட சாப்பாட்டுப் பெட்டி

பொறாமைப்பட ஓர் ஆள் வேண்டுமா? முகம் தெரியாத நூறு பேர்மீது, அவர்கள் சாப்பிட்டு வைத்துவிட்டுப் போன வெறும் பெட்டிகள்மீது ஒருவர் பொறாமைப்பட முடியுமா? செல்வமலரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. நான் வாசித்த தத்துவ நூல்கள் பொறாமையை இன்னொருவரின் நன்மையைக் கண்டு வரும் துக்கம் என்று விளக்குகின்றன. விளக்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றை எழுதியவர்களில் எவரும் லண்டனில் ஒரு சமையல்காரருக்கு மனைவியாக இருந்ததில்லை.

செல்வமலர் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலைச் சேர்ந்தவர். கணவர் பத்மநாதன் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். எண்பத்து நான்கில் அவர் தனியாக லண்டன் வந்தார். மூன்று வருடங்களுக்குப் பிறகு செல்வமலர் நான்கு வயது மகள் நிர்மலாவோடு வந்து சேர்ந்தார். வெம்பிளியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் அவர்கள் குடியிருந்தார்கள். கீழே முன் அறை எனக்கு. சமையலறை எல்லோருக்கும் பொது. அதனால்தான் அடுத்தவர் வீட்டுக் கதை எனக்கு இவ்வளவு தெரியும்.

பத்மநாதன் வேலை செய்தது சிற்றியில், சென்ற் போல்ஸ் பக்கமாக இருந்த ஒரு யப்பானிய உணவகத்தில். வங்கிகளில் வேலை செய்யும் யப்பானியர்கள் மதியத்தில் வரிசையில் நிற்கும் காலம் அது. முதலில் பாத்திரம் கழுவினார். ஒருநாள் தலைமைச் சமையல்காரர் மொறிதா அவருடைய கையைக் கவனித்தாராம். சங்கக்கடையில் பத்து வருடம் பார்க்காமலே கடதாசியில் சீனிச் சுருள் சுற்றிய கை. அடுத்த மாதமே பெந்தோ பெட்டி அடுக்கும் மேசைக்கு அவரை மாற்றினார்.

பெந்தோ என்பது ஓர் ஆளுக்கு உரிய சாப்பாட்டை ஒரு பெட்டிக்குள் அடுக்கித் தருவது. உள்ளே சிறு தடுப்புகள். ஒன்றில் சோறு, ஒன்றில் வாட்டிய மீன், ஒன்றில் முட்டைச் சுருள், ஒன்றில் கீரையோ தாமரைக் கிழங்கோ, மூலையில் மஞ்சள் நிறத்தில் முள்ளங்கி ஊறுகாய். ஒன்றின் சாறு மற்றதில் படக்கூடாது. நிறங்கள் ஒன்றையொன்று தள்ளவும் கூடாது. பத்மநாதன் ஒரு நாளில் நூற்றுக்கு மேல் அடுக்கினார்.

வீட்டில் அவர் தண்ணீர்கூடத் தானாக வார்த்துக் குடித்ததில்லை. இதை ஒரு குற்றமாக எழுதவில்லை. கொக்குவிலில் இருந்து வந்த ஓர் ஆண் அப்படித்தான் இருப்பார் என்று அவரும் நினைத்தார், செல்வமலரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அவர் வந்து கதிரையில் இருப்பார். சாப்பாடு மேசைக்கு வரும்.

எண்பத்தெட்டு நத்தார்ப் பண்டிகைக்கு உணவகத்தில் புதிய மெனு அட்டை அச்சடித்தார்கள். பத்மநாதன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் பெட்டிகளின் வண்ணப்படங்கள் இருந்தன. செல்வமலர் அந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கரட் ஐந்து இதழ்ப் பூவாக வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வோர் இதழும் நடுவை நோக்கிச் சரிவாகச் சீவப்பட்டிருந்தது. இதெல்லாம் நீங்கள் செய்கிறதா என்று கேட்டார். ஓம் என்றார் பத்மநாதன்.

“எனக்கும் ஒண்டு செய்து தாங்கோவன்.”

“அது வேலையெல்லே. வீட்டிலையும் வேலையோ?”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். செல்வமலரும் சிரித்தார். பிறகு அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர்க் குழாய்க்கு மேலே சுவரில் ஒட்டினார். பாத்திரம் கழுவும்போது அது அவருடைய முகத்துக்கு நேரே இருந்தது. இவ்வளவு பிடிக்குமா என்று நான் கேட்டேன். பிடித்து ஒட்டவில்லை என்றார். 

அதன் பிறகு அவர் கணவரிடம் கேட்ட கேள்விகள் ஒரே மாதிரியாக இருந்தன. இன்று எத்தனை பெட்டி? யார் சாப்பிட்டது? பெண்களும் வருவார்களா? பத்மநாதனுக்கு இவை விளங்கவில்லை. அவர் நிற்பது நிலத்துக்குக் கீழே உள்ள சமையலறையில். அடுக்கிய பெட்டியைச் சுவரில் உள்ள ஒரு சின்ன லிஃப்டில் வைப்பார், அது மேலே போகும், வெறும் பெட்டி இன்னொரு வழியாகக் கழுவ வரும். சாப்பிட்டது ஆணா பெண்ணா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் செல்வமலருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. சாம்பல் நிறக் கோட் போட்ட, தலைமயிரைக் குட்டையாக வெட்டிய ஓர் இங்கிலீஷ்காரி அவருடைய மனதில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் மெதுவாக மூடியைத் திறந்து, கரட் பூவைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துச் சாப்பிடுவதாக செல்வமலர் ஒருமுறை என்னிடம் விவரித்தார். தான் கற்பனை செய்த ஆள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. இப்படி ஒரு கோபத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

தொண்ணூறாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் அங்கே போனார். அவர் வேலை செய்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு, சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, றெயில் மாறிப் போய், வரிசையில் நின்று, ஒரு சிறு மேசையில் இருந்தார். அவர் வந்தது கீழே நின்ற பத்மநாதனுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மீனோ மச்சமோ தொடாதவர் ஆகையால் மரக்கறிப் பெட்டி கேட்டார்.

பெட்டி வருவதற்கு முன் மூடிய கிண்ணம் ஒன்றில் சூப் வந்தது. ஒரு வாய் குடித்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. அது மாசிக் கருவாடு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நாக்கு மாசியை எந்த வேடத்திலும் பிடித்துவிடும். யப்பானியர்களும் சூரைமீனைக் காயவைத்துச் சீவித்தான் சூப்புக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். அவர்களுடைய கணக்கில் அது மரக்கறிதான். செல்வமலர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சின்ன வயதிலிருந்து தவறவிடாத வெள்ளிக்கிழமை. பிறகு அதை எடுத்து முழுவதையும் குடித்தார். அவர் செய்தது, அதனால் குடித்தேன் என்று பின்னர் சொன்னார். 

பெட்டி வந்தது. வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. சோறு ஆறியிருந்தது. சோற்றின் நடுவில் கறுப்பு எள்ளு. பூசணித்துண்டு, தாமரைக் கிழங்கு, மூலையில் கரட் பூ. படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. செல்வமலர் அதைத் தொடாமல் பக்கத்து மேசைகளைப் பார்த்தார். ஒரு கிழவர், இரண்டு இளைஞர்கள், தனியாக ஒரு பெண். எல்லோருடைய பெட்டியிலும் பூ அதே மூலையில், அதே சரிவில் இருந்தது. ஒருவருக்குக் கூடவும் இல்லை, ஒருவருக்குக் குறையவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் அமைதியாக இருந்தார். அந்த அமைதி எனக்கு நியாயமாகவே பட்டது. அந்தக் கவனம் ஒருவருக்கும் உரியதல்ல என்று கண்ணால் கண்டுவிட்டார். மழை அடுத்த வீட்டு முற்றத்திலும் பெய்கிறது என்பதற்காக யாரும் மனம் நோவதில்லை. அவர் போய்வந்ததைக் கணவருக்குச் சொல்லவில்லை. பெட்டியைப் பற்றிய கேள்விகளும் நின்றுபோயின. விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

றோஸ்மலர் வராமல் இருந்திருந்தால் அது முடிந்தும் இருக்கும். றோஸ்மலர் மன்னார்க்காரி, கத்தோலிக்கர். கணவர் எட்வேட் வெம்பிளியில் மினிகாப் என்ற வாடகைக்கார் ஓடினார். சலவைக்கூடத்தில் றோஸ்மலரும் செல்வமலரும் ஒரே மேசையில் படுக்கை விரிப்பு மடிப்பவர்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடிக்கிற வேலை, ஒருவருடைய கை மற்றவருக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூற்றொன்றில் ஆட்குறைப்பு வந்தபோது றோஸ்மலருக்கு வேலை போயிற்று. செல்வமலர்தான் கணவரிடம் சொல்லி, உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலையை எடுத்துக் கொடுத்தார். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். பின்னர் நடந்ததை நினைத்து அவர் மனம் நொந்தபோது, முதலில் நொந்தது தன்னுடைய இந்த வாயைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து றோஸ்மலர் எங்கள் வீட்டுக்கு வருவார். சமையலறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு உணவகத்துக் கதைகள் சொல்வார். மொறிதா எப்படி உறுமுவார், மேலே பரிமாறுகிற பிள்ளைகள் எப்படிக் குனிவார்கள் என்று நடித்துக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். மூன்றாவதோ நாலாவதோ ஞாயிறு, மூன்று மணிக்கு வேலையாட்களுக்குக் கொடுக்கும் சாப்பாட்டைப் பற்றிக் கதை வந்தது.

“எனக்கு உந்த உப்புச் சப்பில்லாததைத் தின்னேலாது அக்கா. பத்மநாதன் அண்ணையிட்டை மிளகாய் ஒண்டும் இல்லையோ எண்டு கேட்டன். அவர் ஒண்டும் பறையேல்லை. அடுத்தநாள் மூடியைத் திறந்து பாத்தால், பச்சைமிளகாயை நாராய்ச் சீவி, சோத்துக்கு மேலை குருவிக்கூடு மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறார். என்ன வடிவு தெரியுமோ. தின்ன மனம் வரேல்லை. ஆனால் திண்டிட்டன்.”

நான் சிரித்தேன். செல்வமலர் சிரித்தாரா என்று பார்க்கத் தோன்றவில்லை. றோஸ்மலர் தொடர்ந்தார்:

“நீங்கள் குடுத்து வைச்சனீங்கள். வீட்டிலை என்னென்ன விதமாய்ச் செய்து தருவார்.”

“ஓம்,” என்றார் செல்வமலர். “ஞாயிற்றுக்கிழமையிலை செய்வார்.”

இது பொய் என்று எனக்குத் தெரியும். நான் அந்த வீட்டில் இருப்பவன். செல்வமலர் என்னைப் பார்க்காமல், சுவரில் ஒட்டியிருந்த மெனு அட்டையைப் பார்த்து, கணவர் தனக்குச் செய்து தரும் பெட்டியை ஒவ்வொரு தடுப்பாக விவரித்தார். றோஸ்மலர் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன். அங்கே இருந்து அவருடைய பொய்க்கு நான் துணை நின்றேனா, ஓடி ஒளிந்தேனா என்று இன்றும் தீர்மானிக்க முடியவில்லை.

ஏன் அந்தப் பொய்? நூறு பேருக்குப் போன பெட்டிகளை அவர் பொறுத்துக்கொண்டது, அவற்றில் யாருடைய பெயரும் இல்லை என்பதால். இப்போது ஒரு பெட்டியில் ஒரு பெயர் இருந்தது. பச்சைமிளகாய் யப்பானியர்களுக்கு அல்ல, இங்கிலீஷ்காரருக்கும் அல்ல. றோஸ்மலருக்காக, றோஸ்மலரின் நாக்கை நினைத்து ஒரு மனிதர் கத்தியைப் பிடித்திருக்கிறார். பத்மநாதனுக்கும் றோஸ்மலருக்கும் இடையில் வேறு எதுவும் இருந்ததாக செல்வமலர் ஒரு நிமிடமும் நினைத்ததில்லை. அப்படி நினைத்திருந்தால் அவருக்குச் சண்டை பிடிக்க ஒரு வழி இருந்திருக்கும்.

பொய் சொன்னவர் அதோடு நின்றிருக்கலாம். றோஸ்மலர் விடவில்லை. ஒருநாள் அண்ணை வீட்டில் செய்த பெட்டியைத் தனக்கும் காட்டவேண்டும், எட்வேட் பார்க்கவேண்டும் என்று வாரா வாரம் கேட்டார். செல்வமலர் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எங்கேயோ தேடி வாங்கினார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் பெந்தோ செய்து பழகியதை நான் அந்தச் சமையலறையில் பார்த்தேன். முதல் வாரம் பருப்புத் தண்ணீர் ஓடி எல்லாம் ஒரே சேறாயிற்று. பிறகு குழம்பு ஆகாது என்று கண்டார். கத்தரிக்காய்ப் பொரியலும் பீற்றூட்டும் கொள்ளுமா என்று பார்த்தார். மீனை மிளகாய்த்தூள் இல்லாமல் பொரித்தார், அது அவருக்கே பிடிக்கவில்லை. கரட்டில் பூ வெட்டக் கை வரவில்லை, இதழ் ஒவ்வொன்றாக உடைந்தது. உடைந்த கரட்டுகளை நாங்கள் எல்லோரும் சம்பலாகத் தின்றோம். நிர்மலாவுக்கு அப்போது எட்டு வயது. “அம்மா, why don't you just ask அப்பா?” என்றாள். 

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்மநாதன் வேலைக்குப் போயிருந்தபோது, பெட்டி ஒருமாதிரி அமைந்தது. நான் எளிதில் புகழ்பவன் அல்ல. அது மோசமாக இருக்கவில்லை. முட்டைச் சுருள் நேராக இருந்தது. பூ பூவாகத்தான் இருந்தது. செல்வமலர் சோற்றை அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி பறக்கப் பறக்கப் பெட்டியில் போட்டு இறுக்கி மூடினார். வரும் ஆளுக்கு ஆறிய சோறு கொடுப்பது எங்கள் வீடுகளில் மரியாதை அல்ல. தட்டில் கை வைத்தால் சுட வேண்டும்.

றோஸ்மலரும் எட்வேட்டும் பூசை முடிந்து வந்தார்கள். காலையில் அவர் செய்து வைத்துவிட்டுப் போனது என்று சொல்லி செல்வமலர் பெட்டியை மேசையில் வைத்தார். றோஸ்மலர் மூடியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம் முழுவதும் வியர்த்து, தண்ணீர் சொட்டி, சோறு கூழாகியிருந்தது. பீற்றூட்டின் சிவப்பு முட்டைக்குள் ஏறியிருந்தது. கரட் பூ வதங்கிச் சாய்ந்திருந்தது. எட்வேட் நல்ல மனிதர், வடிவாய் இருக்கு என்றார். றோஸ்மலர் மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணை ஒருநாளும் சூட்டோடை மூடமாட்டார். விசிறி போட்டு ஆறவிட்டுத்தான் மூடுவார். இல்லாட்டி மொறிதா கொலை செய்துபோடுவான்.”

இதைச் சொன்னது ஏளனமாக அல்ல. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டேன் என்று அவருக்கு விளங்கியது. அவர் செல்வமலரின் முகத்தைப் பார்த்தார். செல்வமலர் பெட்டியை எடுத்து, குழாயடியில் கொட்டி, கழுவத் தொடங்கினார்.  எட்வேட் தன்னுடைய காரை நிறுத்திய இடம் சரியில்லை என்று சொல்லி எழுந்தார்.

அடுத்தநாள் வேலையில் றோஸ்மலர் இதைப் பத்மநாதனிடம் ஒரு பகிடியாகச் சொன்னாராம். இரக்கத்தில் சொன்னதாக அவர் பின்னர் என்னிடம் சத்தியம் செய்தார். நம்புகிறேன். அன்று பின்னேரம் பத்மநாதன் சமையலறைக்குள் வந்து நின்றார். நான் வெளியே போக எழுந்தேன். செல்வமலர் இருங்கோ அண்ணை, இதில் மறைக்க ஒன்றும் இல்லை என்றார்.

தன்னுடைய பெயரில் பெட்டி கட்டினது ஏன் என்று பத்மநாதன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். செல்வமலர் கைகளைச் சேலையில் துடைத்தார்.

“றோசுக்கு மிளகாய் வைக்கவேணும் எண்டு உங்களுக்குத் தெரியுது. எனக்கு ஒண்டு செய்யிறதெண்டால் என்ன வைப்பியள்?”

  நான் பத்மநாதனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உண்மையிலேயே தேடினார். பத்து வருடக் கல்யாணத்தில் எங்கோ கிடக்கும் ஒரு பதிலைத் தேடுவது தெரிந்தது.

“உமக்கு என்ன பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியாதப்பா,” என்றார். “நீர் ஒருநாளும் சொன்னதில்லையே. றோஸ் சொன்னவ.”

அது நேர்மையான பதில். அதனால்தான் அது அவ்வளவு கொடுமையாக இருந்தது. செல்வமலர் சாப்பிடுவதை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. கணவரும் மகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றபடி செல்வமலர் சாப்பிடுவார். அந்த நேரம் பத்மநாதன் ரீவியில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். சொன்னவருக்குக் கிடைத்தது, சொல்லாதவருக்குக் கிடைக்கவில்லை என்பது கணக்காகச் சரிதான். ஆனால் கேட்டு வாங்கினால் அது தான் விரும்பியதாக இருக்காது என்று செல்வமலர் நினைத்திருக்கவேண்டும். ஒருமுறை கேட்டுப் பார்த்தவர் அவர். அந்த ஒருமுறையே அவருக்கு அதிகம்.

றோஸ்மலருடன் செல்வமலர் பேசுவதை நிறுத்தினார். திட்டவில்லை, பழி சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். றோஸ்மலர் இரண்டு மூன்று தடவை வந்து, என் அறையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. உணவகத்து வேலையையும் விட்டுவிட்டு ஒரு பலசரக்குக் கடையில் சேர்ந்தார். அவர் வேலையை விட்ட செய்தி வந்த அன்று, செல்வமலருக்கு ஆறுதல் வந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். “அங்கை வேறை ஆர் வந்திருக்கினம்?” என்று அவர் கணவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது. காய்ச்சல் விடவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

தொண்ணூற்று மூன்றில் அவர்கள் ஹரோவில் வீடு வாங்கிப் போனார்கள். அந்த வருடம்தான் கொலிண்டேலில் யப்பானியர்களின் பெரிய கடைத்தொகுதி திறந்தது. சனிக்கிழமைகளில் நிர்மலாவைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, செல்வமலர் தனியாக அங்கே போவதுண்டு. பெட்டிகள் வைத்திருக்கும் பகுதியில் நிற்பார். யப்பானியத் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கு முயல் போட்ட பெட்டியா, றெயில் போட்ட பெட்டியா என்று தெரிந்தெடுப்பதைப் பார்ப்பார். ஒன்றும் வாங்கமாட்டார். இதை நிர்மலா எனக்குச் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். அப்பா இப்போதெல்லாம் சாப்பிட்டு முடிந்தும் எழுவதில்லை, அம்மா சாப்பிடும்வரை மேசையிலேயே இருக்கிறார், பேசுவதுமில்லை, it's a bit weird, மாமா என்றாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

தொண்ணூற்றைந்து செப்ரெம்பரில் செல்வமலருக்கு ஹரோவில் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை கிடைத்தது. சலவைக்கூடத்தின் ஆவியிலிருந்து எட்டு வருடங்களுக்குப் பிறகு விடுதலை. முதல்நாள் விடிய ஐந்து மணிக்கு அவர் எழுந்து கீழே வந்தபோது சமையலறையில் வெளிச்சம் எரிந்தது. பத்மநாதன் மேசையில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டு, கைகட்டி நின்றார். மரப்பெட்டி, புதியது. நிர்மலா படிக்கட்டில் நின்று பார்த்தாளாம்.

“ஆறவிட்டுத்தான் மூடினனான்,” என்றார் பத்மநாதன்.

செல்வமலர் மூடியைத் திறந்தார். உள்ளே என்ன இருந்தது என்பதை நான் றோஸ்மலரிடமிருந்து அறிந்தேன். றோஸ்மலர் கையில் அது எப்படிப் போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒரு தடுப்பில் பொரித்த மீன் வால், செட்டை விரிந்து, உடையாமல், நிமிர்ந்து நின்றது. இன்னொன்றில் அடிப்பிடித்த சோறு, பொன்னிறமாகச் சதுரம் சதுரமாக வெட்டி, மேலே எள்ளுத் தூவி. கத்தரிக்காய்க் காம்புகள் பொரித்து விசிறிபோல் அடுக்கியிருந்தன. முட்டைச் சுருளின் நடுத்துண்டுகள் இல்லை, இரண்டு நுனிகள் மட்டும் இருந்தன. இடியப்பத்தின் காய்ந்த ஓரங்கள் ஒரு சின்னக் கூடுபோலச் சுற்றியிருந்தன. அப்படி ஒரு வேலைப்பாட்டை அவர் உணவகத்திலும் செய்து தான் கண்டதில்லை என்றார் றோஸ்மலர். நான் பார்க்காததால் புகழ எனக்கு உரிமை இல்லை.

இரண்டு வருடங்களாகப் பத்மநாதன் மேசையில் இருந்து மனைவியின் தட்டைப் பார்த்திருக்கிறார். எது பிடிக்கும் என்று சொல்லாத ஒருவரிடம் அதைக் கண்டுபிடிக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சுவது எதுவோ, அதை அந்தத் தட்டில் கண்டார். கண்டதைப் பிடித்தது என்று எடுத்துக்கொண்டார்.

 செல்வமலர் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை என்று நிர்மலா சொல்கிறாள். பிறகு மூடியை மெதுவாக மூடி, ஒரு துணியில் கட்டிப் பைக்குள் வைத்தார். போயிட்டு வாறன் என்றார்.

பாடசாலை வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. எதிர்த்திசையில் 182ஆம் பஸ்ஸில் ஏறி வெம்பிளிக்குப் போனார். நாலு வருடங்களாக மிதிக்காத றோஸ்மலரின் வாசலில் ஏழு மணிக்கு முன் மணி அடித்தார். எட்வேட்தான் கதவைத் திறந்தார். பின்னால் றோஸ்மலர் இரவு உடுப்போடு வந்து நின்றார். யாரோ செத்துவிட்டார்கள் என்று தான் பயந்ததாகச் சொன்னார்.

“அவர் செய்தது,” என்றார் செல்வமலர். “நீர் சாப்பிடும்.”

பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி பஸ் தரிப்புக்கு நடந்தார். புதிய வேலைக்கு முதல்நாளே முக்கால் மணி நேரம் பிந்திப் போனார். மதியம் பிள்ளைகளுக்குச் செய்த உருளைக்கிழங்கையே சாப்பிட்டாராம். பின்னேரம் பத்மநாதன் எப்படி இருந்தது என்று கேட்டபோது, நல்லா இருந்தது என்றார்.

தந்தது மன்னிப்பா, அவமானமா, அல்லது இதுதான் எனக்குக் கிடைத்தது, பாரும் என்று காட்டவா? றோஸ்மலருக்குத் தெரியவில்லை. நான் கேட்டபோதும், “எனக்கு என்ன விளங்கும் அண்ணை. ஏன் மீன் வாலை வைச்சிருக்கிறார் எண்டு யோசிச்சன். யோசிச்சுக்கொண்டே திண்டிட்டன்,” என்றார். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து அவர் ஹரோவுக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். வாசலில் நின்றபடி, ஏன் அக்கா எனக்குத் தந்தீர்கள் என்று நேராகவே கேட்டார். செல்வமலர் பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே காய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே வாரும், தேத்தண்ணி வைக்கிறன் என்றார்.